பாறைகளைப் பார்க்கலாம்

“வணக்கம். எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கலாம். இன்னும் சற்று நேரத்தில் படகு புறப்படலாம். கடல் அமைதியாக இருக்கலாம். உச்சி வெயிலுக்கு முன் எழுந்தான் தீவு வந்துவிடலாம். அங்கே செங்குத்துப் பாறைகளைப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் நாம் அனைவரும் உயிரோடு திரும்பலாம்.”

கோமதிநாயகம் மைக்கை இறக்கிவிட்டுச் சிரித்தான். நம் காலத்து ஆட்களாக இருந்தால் பாதிப் பேர் படகிலிருந்து குதித்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் பதறவில்லை. இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். இவ்வளவு சுத்தமான வரவேற்புரையை அவர்கள் சமீபத்தில் கேட்டதில்லை.

நாயகம் ‘கடற்காக்கை’ என்ற சுற்றுலா மின்படகின் அறிவிப்பாளன். தூத்துக்குடிப் படகுத்துறையிலிருந்து காலையில் புறப்பட்டு, தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, மாலையில் திரும்புவது படகின் வேலை. அந்த நேரம் முழுவதும் வாய் ஓயாமல் பேசுவதும், பேசுகிற பேச்சில் ஒரு வாக்குறுதியும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் நாயகத்தின் வேலை. முதல் பாதியை யாரும் செய்துவிடுவார்கள். இரண்டாவது பாதிக்குத்தான் சம்பளம்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் கைப்பேசியில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். “மாவு தீந்துபோச்சா? சரி, சாயங்காலம் வந்து நானே அரைச்சுத் தாரேன்” என்றார்.

அவர் கழுத்தில் ‘டிங்’ என்றது.

படகு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரர் அவர் தோளைத் தட்டி, “போட்டும் விடுங்க, மாவுதான” என்று ஆறுதல் சொன்னார்.

எல்லோர் கழுத்திலும் அது இருந்தது. புளியங்கொட்டை அளவில், தொண்டைக்குழிக்குக் கீழே ஒட்டியிருக்கும். வாய்மணி என்று பெயர். நாம் சொல்வது முழுவதையும் அது கேட்டுக்கொண்டிருக்கும். நேற்று நடந்ததைச் சொன்னால் பேசாமல் இருக்கும். இப்போது இருப்பதைச் சொன்னாலும் பேசாமல் இருக்கும். பிறரை ஏவினாலும் பேசாமல் இருக்கும். வா, போ, உட்கார், வாயை மூடு எல்லாம் இலவசம். ‘செய்கிறேன்’, ‘தருகிறேன்’, ‘வருவேன்’ என்று நாம் செய்யப்போவதைச் சொல்லிவிட்டால் மட்டும் ‘டிங்’. அந்த நொடியே சொல்வாரியத்தில் நம் பெயருக்கு எதிரே அது ஒரு வாக்காகப் பதிவாகிவிடும். நாள் குறிக்காத வாக்கு என்றால் ஒரு வருஷத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். மூன்று வாக்குத் தவறினால் வெறும்வாயர் பட்டம். அதன் பிறகு நாம் சொல்வது எங்கும் செல்லாது. கடையில் ‘ஒரு கிலோ கத்தரிக்காய்’ என்றால்கூட, நம்பிக்கையான ஆள் யாரையாவது கூட்டிவரச் சொல்வார்கள்.

வாக்குப்பதிவு என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் விரலில் மை வைத்துக்கொள்வது என்று பொருள் இருந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள் கொடுக்கிற வாக்கைத்தான் முதலில் பதிவு செய்யவேண்டும் என்று மக்கள் வீதிக்கு வந்து போராடி, வேட்பாளர்களின் கழுத்தில் வாய்மணியை மாட்டினார்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே எல்லாக் கட்சிகளும் வரலாறு காணாத ஒற்றுமையோடு ஒரு திருத்தம் கொண்டுவந்தன. சட்டத்தின் முன் அனைவரும் சமம். ஆகவே அனைவர் கழுத்திலும் மணி. அதற்குள் வேட்பாளர்கள் எல்லாச் சொல்லுக்கும் வாலில் ‘லாம்’ போடக் கற்றிருந்தார்கள். மக்கள் கற்றிருக்கவில்லை.

மக்களும் கற்றுக்கொண்டார்கள், ஆனால் முதல் வாரத்தில் தமிழ்நாடு பட்ட பாடு சொல்லி மாளாது. காரணம் ஒரே ஒரு சொல். ‘போயிட்டு வாரேன்.’

உலகத்தில் மற்ற ஊர்க்காரர்களெல்லாம் கிளம்பும்போது போகிறேன் என்றோ வணக்கம் என்றோ சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஆட்களுக்குப் ‘போறேன்’ என்ற சொல் தொண்டையைத் தாண்டாது. போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. ஆகவே எங்கிருந்து கிளம்பினாலும் போயிட்டு வாரேன். பல் பிடுங்குகிறவரிடம் போயிட்டு வாரேன். காவல் நிலையத்தில் போயிட்டு வாரேன். கடன் கொடுக்க மறுத்த மச்சானிடமும் போயிட்டு வாரேன். எல்லாவற்றுக்கும் டிங், டிங், டிங். திருநெல்வேலி டவுனில் ஒருவர் முடிவெட்டும் கடையிலும் டீக்கடையிலும் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டார். வாக்கைக் காப்பாற்ற முடிவெட்டும் கடைக்குத் திரும்பிப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, கிளம்பும்போது பழக்கதோஷத்தில் மறுபடியும் சொன்னார். பிறகு டீக்கடை. அங்கேயும் சொன்னார். இரண்டு கடைக்கும் நடுவே அவர் மூன்று நாள் நடந்தார். கடைசியில் வீட்டார் வந்து வாயைத் துண்டால் கட்டி அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. அறிவிப்பாளர் பயிற்சியில் ‘தவிர்க்கவேண்டிய தொடர்கள்’ என்ற பாடத்தில் அதுதான் முதலாவது. நாயகம் அதைப் பரீட்சைக்குப் படித்தானே தவிர, தன் வாழ்நாளில் ஒருமுறையும் உச்சரித்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே ஊர் அதை மறந்திருந்தது. கிளம்புகிறவர்கள் ‘சரி’ என்றுவிட்டு முதுகைக் காட்டிப் போய்விடுவார்கள்.

நாயகத்தின் வாய்மணி அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறையும் ஒலித்ததில்லை. அதற்காகச் சுற்றுலாக் கழகம் அவனுக்கு ‘நழுவுநா’ விருது கொடுத்து, படத்தைப் படகின் சுவரில் மாட்டியிருந்தது. படத்தில்கூட அவன் வாய் பாதிதான் திறந்திருந்தது.

“தம்பி, ஒரு சின்ன சந்தேகம்” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நாயகம் உஷாரானான். சின்ன சந்தேகம் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாய்ப்பிடிக்காரர்கள். பிறர் வாயிலிருந்து ஒரு வாக்கைக் கறந்து, அது நிறைவேறுகிறதா என்று பின்னாலேயே அலைவது அவர்களுடைய பொழுதுபோக்கு. இவர் தளவாய், சொல்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி செண்பகம், மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்க சார்.”

“பாறையைக் காட்டுவியளா, மாட்டியளா?”

“காட்டப்படலாம் சார்.”

“யாரால?”

“இயற்கையாலயும் இருக்கலாம்.”

“மழை வந்தா என்ன செய்வீய?”

“நனையலாம் சார்.”

“கக்கூஸ் இருக்கா?”

“இருக்கு சார். அது நடப்பு, வாக்கு இல்ல.”

தளவாய் ஏமாற்றத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். “நல்லா பழக்கியிருக்கானுவ” என்று மனைவியிடம் சொன்னார். செண்பகம் தூக்கின் மூடியைச் சரிசெய்தாள். நாற்பது வருஷம் ஒரு வாய்ப்பிடிக்காரரோடு குடும்பம் நடத்தினால் பேச்சு குறைந்துவிடும்போல.

“கயித்த அவுரு லே!” என்று மேல்தட்டிலிருந்து அதட்டல் கேட்டது. படகோட்டி ரொசாரியோ அண்ணாச்சி. அவர் சட்டத்தைச் சமாளிக்க வேறு வழி கண்டுபிடித்திருந்தார். அவர் பேசுவதெல்லாம் ஏவல்தான். அவிழ், இழு, தள்ளு, சும்மா இரு. அவர் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லி நாயகம் கேட்டதே இல்லை.

கயிற்றை அவிழ்க்கப் போன நாயகம் துறையின் மறுமுனையில் ஆவுடை வருவதைப் பார்த்தான். தலையில் ஒரு தகரப்பெட்டி, தோளில் அளவுக்கருவிகள் தொங்கும் பை. அவள் வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தான். வராமல் இருந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தான். சாமி குழம்பியிருக்கும்.

ஆவுடை தீவின் பாறைக் கண்காணிப்பாளர். எழுந்தான் தீவு ஒரு கடலடி நடுக்கத்தில் ஒரே இரவில் எழுந்த தீவு. அதனால்தான் அந்தப் பெயர். இன்னும் அது எழுந்துகொண்டே இருக்கிறது. பாறையில் விழும் விரிசல்களை அளப்பது அவள் வேலை. மூன்று வருஷமாக இந்தப் படகில்தான் போய்வருகிறாள். இந்த மூன்று வருஷத்தில் நாயகம் அவளிடம் சொன்ன உச்சபட்சக் காதல் வசனம், “உன்னைய எனக்குப் பிடிச்சிருக்கலாம்” என்பது. பிடித்திருக்கிறது என்று சொன்னால் எந்த மணியும் ஒலிக்காது. அது நடப்பு. அவனுக்கும் தெரியும். இருந்தாலும் வாய் அப்படிப் பழகிவிட்டது.

படகு கிளம்பிக் கரை சிறுத்ததும் அவன் பின்பக்கம் போனான். ஆவுடை தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெட்டி பெருசா இருக்கு” என்றான்.

“அஞ்சு வருசத்துக்குத் துணி.”

“அஞ்சு வருசமா?”

“இன்னைக்குப் பொழுது அடையதுக்குள்ள ஆபீஸ் மெஷின்ல சொல்லணும். இந்த ஒரு மழைப்பருவம் மட்டும் தீவுல இருக்கியா, இல்ல அஞ்சு வருசம் இருக்கியான்னு கேக்குறாங்க. சொன்னா டிங். அப்புறம் மாத்த முடியாது.”

“நீ என்ன சொல்லப் போற?”

“அது உன் வாயில இருக்கு.”

நாயகம் வாயைத் துடைத்துக்கொண்டான்.

“இதுதான் இந்த வருசத்துக் கடைசிப் படகு” என்றாள் ஆவுடை. “நாளையில இருந்து காத்து மாறிரும். திரும்ப எப்ப ஓடும், உன்னைய எந்தப் படகுல போடுவாங்க, ஒண்ணும் தெரியாது. நான் கல்யாணத்தப் பத்தி எல்லாம் கேக்கல. என்னையத் தேடித் திரும்ப வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொன்னா ஒரு பருவம். சொல்லலன்னா அஞ்சு வருசம் அந்தப் பாறையோட இருந்துக்கிடலாம். அதுவாவது ஒரு வார்த்தை கேட்டா ஏழு வார்த்தை திருப்பிச் சொல்லுது.”

இதைவிட எளிதாக ஒருத்தியால் கேட்க முடியாது. நாயகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

“வரு...” என்றான்.

ஆவுடை நிமிர்ந்தாள்.

“வரு... வரு...”

“சொல்லு.”

“வருகை தரலாம்.”

ஆவுடை பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து, படகின் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். நாயகத்துக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பும் ‘லாம்’ என்றே முடிந்ததைக் கவனித்தான்.

தீவு இருக்கவேண்டிய இடத்தை அடைந்தபோது அங்கே மூடுபனிதான் இருந்தது. வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததுபோல எதிரே ஒன்றும் தெரியவில்லை. ரொசாரியோ அண்ணாச்சி மோட்டாரைத் தணித்தார்.

தளவாய் எழுந்தார். இதற்காகவே டிக்கெட் எடுத்தவர்போல உற்சாகமாக இருந்தார். “தம்பி, பாறை எங்க?”

“இந்தப் பக்கம் இருக்கு சார்.”

“பார்க்கலாம்னு போர்டுல போட்டிருக்கே?”

“ஆமா சார். பார்க்கலாம்.”

“எப்ப?”

“பார்க்கலாம் சார்.”

பார்க்கலாம் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதும், அதில் ஒன்று ஒன்றும் நடக்காது என்பதும் தளவாய்க்குத் தெரியாததல்ல. அந்தச் சொல்லின் மேல் வாரியத்தில் அவர் காலத்திலேயே ஏகப்பட்ட வழக்குகள் தோற்றிருந்தன. அவர் வாயை அசைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அப்போது காற்று ஒரு பக்கமாகத் திரும்பியது. மூடுபனி கீழிருந்து மேலாகக் கிழிந்தது. படகில் இருந்த எல்லோருடைய தலையும் மெல்ல மெல்ல அண்ணாந்தது.

பாறை நேராகக் கடலிலிருந்து எழும்பி நின்றது. அடியில் கருப்பு, அதன் மேல் செம்மண் சிவப்பு, அதன் மேல் சிப்பிகள் பதிந்த வெள்ளை. கத்தியால் வெட்டிய அல்வாத்துண்டின் பக்கவாட்டைப்போல ஒவ்வொரு அடுக்கும் பளபளவென்று தெரிந்தது. ஒரு காலத்தில் மீன்கள் மேய்ந்த தரை இப்போது தலைக்கு மேலே இருந்தது. உச்சியில் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. மாவு அரைக்கவேண்டியவர் மாவை மறந்து வாய்பிளந்தார். தளவாய்கூட, “அடேங்கப்பா” என்றார். அதற்கு மணி ஒலிக்காது.

நாயகம் இதை எத்தனையோ முறை பார்த்தவன். ஆனாலும் மூடுபனி விலகும் அந்த நேரத்தில் அவன் ஒவ்வொரு முறையும் மைக்கை மறந்துவிடுவான். இன்று ஆவுடை அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடமை ஞாபகம் வந்து மைக்கை எடுத்தான். மெல்லிய குரலில் பேசினான். “இப்போது நாம் எதிரொலி வளைவுக்குள் நுழைகிறோம். யாரும் உரக்கப் பேச வேண்டாம். மெல்லப் பேசினால் பாறை கண்டுகொள்வதில்லை. உரக்கப் பேசினால் ஏழு முறை திருப்பிச் சொல்லும். வாய்மணி அந்த ஏழையும் சேர்த்துக்கொள்ளும்.”

“பாறை சொன்னா அது பாறையோட வாக்குல்லா?” என்று மாவுக்காரர் கேட்டார்.

“குரல் யாருதோ வாக்கு அவருது. நான்தான் அந்தத் தீர்ப்பை எழுதினேன்” என்றார் தளவாய் பெருமையாக.

பாறையிடம் மாட்டியவர்களின் கதைகளை நாயகம் சொன்னான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று இங்கே கத்திய ஒருவர் இந்த ஜென்மம் போக இன்னும் ஏழு ஜென்மத்துக்கும் குடிக்க முடியாதவராகிப் போனார். நண்பனிடம் ஒரு டீ வாங்கித் தருகிறேன் என்று கூவியவர் எட்டு டீ வாங்கித் தந்தார். புதுமாப்பிள்ளை ஒருவர் மனைவியிடம் உன்னைக் கைவிட மாட்டேன் என்று சத்தமாகச் சொல்லி, எட்டு டிங்கும் கேட்டு, மூர்ச்சையாகிப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு.

செண்பகம் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணு கொடுத்துவெச்சவ” என்றாள்.

இறங்குதுறை அந்த வளைவுக்குள்ளேயே இருந்தது. பயணிகள் இறங்கினார்கள். நாயகம் அவர்களைப் பாறையின் தோளுக்கு ஏற்றி, சிப்பி அடுக்குகளைக் காட்டி, இது மாதிரியான பாறை உலகத்தில் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம் என்று சொல்லி, புளியோதரைப் பொட்டலங்களைப் பிரிக்கவிட்டான். பிறகு ஆவுடையின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனான். கனம் தோளை அழுத்தியது. ஐந்து வருஷத்துத் துணி.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஆபீஸ் இயந்திரம். இயந்திரத்தின் நீல விளக்கு அவள் பதிலுக்காக மினுக்கிக்கொண்டிருந்தது.

“நான் ராத்திரி பூரா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன்” என்றான் நாயகம். இது நடந்தது, சொல்லலாம். “வரல. நாக்கு திரும்பிக்கிடுது. ஒரு டிங் கேட்டா எனக்கு வேலை போயிரும். ஆனா அதுக்காக இல்ல, ஆவுடை. சொல்லிட்டு வராமப் போயிட்டா? அதுதான் பயமா இருக்கு.”

“எல்லாருக்கும்தான் பயமா இருக்கு” என்றாள் அவள். “அதுக்குத்தான் ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருக்கு. பயம் இல்லாதவன் சொன்னா அதுல என்ன இருக்கு?”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். கரையில் போட்ட கெண்டையைப்போல இருந்தது.

கீழே படகின் சங்கு ஊதியது. “ஆளுகள ஏத்து லே!” என்று ரொசாரியோ அண்ணாச்சியின் குரல் வர, பாறை அதை ஏழு முறை அதட்டியது. ஏவல்தான், மணி ஒலிக்கவில்லை.

“சரி” என்றாள் ஆவுடை.

“சரி” என்றான் நாயகம்.

அவன் முதுகைக் காட்டிப் படியிறங்கினான். அவள் துறைவரை கூட வந்தாள், அவனுக்காக அல்ல, படகுக் கயிற்றை அவிழ்த்துவிட ஆள் வேண்டுமே என்று. பயணிகள் ஏறினார்கள். யாரும் அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்தார்கள். கயிறு தண்ணீரில் விழுந்தது. படகு விலகத் தொடங்கியது.

“இது என்ன போக்கோ” என்று செண்பகம் மெல்ல, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். “ஒரு பொண்ணத் தனியா விட்டுட்டுக் கிளம்புறோம். ஒருத்தருக்கும் வாய் இல்ல. எங்கம்மா காலத்துல இழவு வீட்டுல இருந்துதான் இப்பிடிச் சொல்லாமப் போவாங்க.”

நாயகம் திரும்பிப் பார்த்தான். துறையில் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அவ்வளவு பெரிய பாறை, முன்னால் கையகலத்துக்கு அவள். படகுக்கும் அவளுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அவள் அறையை நோக்கித் திரும்பினாள். மினுக்கும் நீல விளக்கு அவன் கண்முன் வந்தது.

இழவு வீடு என்ற சொல் அவனுக்குள் எங்கோ போய் இடித்தது. இவள் இருக்கிறாள். நானும் இருக்கிறேன். இது இழவு வீடு அல்ல.

அவன் மைக்கை எடுத்தான். பயிற்சியில் மனப்பாடம் செய்த முதல் பாடம், தவிர்க்கவேண்டிய தொடர்களில் முதல் தொடர், அவன் உச்சரித்தே பார்த்திராத சொல், நாக்குக்குத் திரும்பிக்கொள்ளத் தெரியாத புத்தம்புதுச் சொல், அவன் வாயிலிருந்து ஒலிபெருக்கி வழியாக வளைவு முழுவதும் அதிர வந்தது.

“ஆவுடை! போயிட்டு வாரேன்!”

டிங்.

படகு முழுவதும் நாயகத்தைத் திரும்பிப் பார்த்தது. பாறை ஒரு நொடி யோசித்தது. பிறகு பேசத் தொடங்கியது.

“...வாரேன்... வாரேன்... வாரேன்...”

டிங். டிங். டிங்.

“மைக்க அணை லே! படகும் சேந்துல்லா மாட்டும்!” என்று ரொசாரியோ அண்ணாச்சி அலறினார். அந்த அலறலையும் பாறை வாங்கி, நாயகத்தின் வாரேன்களுக்கு நடுநடுவே சொருகிக்கொண்டது. ஒலிபெருக்கியில் சொன்னதையெல்லாம் நிறுவனத்தின் வாக்காகவும் பதிகிற, படகின் முகப்பில் இருந்த நிறுவன மணியும் ஒலிக்கத் தொடங்கியது.

தளவாய் எழுந்து நின்று விரல்விட்டு எண்ணினார். அவர் முகம் திருவிழாப்போல இருந்தது. இவ்வளவு பெரிய வாய்ப்பிடியை அவர் கனவிலும் கண்டதில்லை. “சொன்னது ஒண்ணு, பாறை சொன்னது ஏழு. மொத்தம் எட்டு! வருசத்துக்குள்ள எட்டுத் தடவை வந்தாகணும்! நழுவுநா விருது வாங்கினவன் எட்டு! நான் ஒவ்வொண்ணையும் எண்ணிக்கிட்டே—”

செண்பகம் எழுந்தாள். தூக்கை இருக்கையில் வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு துறையைப் பார்த்து, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிறவளைப்போலச் சாதாரணக் குரலில் சொன்னாள்:

“தாயி, பத்திரமா இரு. நாங்களும் போயிட்டு வாரோம்.”

அவள் கழுத்தில் டிங் என்றது. அடுத்த நொடி தளவாயின் கழுத்திலும் டிங் என்றது.

தளவாய் தன் மணியைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கு எதுக்கு அடிக்குது?”

“வாரோம்னுல்ல சொன்னேன்” என்றாள் செண்பகம். “நீங்க இல்லாமலா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் மனைவி அவரையும் சேர்த்துக் கொடுத்த முதல் வாக்கு அது. கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கை மட்டும் மனைவியின் புடவைத் தலைப்பின் நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

துறையில் ஆவுடை நின்றுவிட்டிருந்தாள். இரண்டு கையாலும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, பதில் கத்தப் போனாள். நாயகத்துக்குத் திடுக்கென்றது. ஒரு பருவம் இருக்கிறேன் என்று அவள் இங்கே நின்று கத்தினால் பாறை அதையும் ஏழு முறை சொல்லும். எட்டுப் பருவம்! அதற்கு அந்த ஐந்து வருஷமே தேவலை. அவன் மைக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வீசி, தலையை ஆட்டி, உதட்டில் விரலை வைத்து, படகின் ஓரத்தில் குதித்தான். பயணிகளும் எழுந்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டு குதித்தார்கள். படகு ஆடியது.

ஆவுடைக்குப் புரிந்தது. அவள் கையைக் கீழே விட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள். பிறகு வலது கையை உயரத் தூக்கி ஒரு விரலைக் காட்டினாள்.

ஒரே ஒரு விரல்.

நாயகத்தின் கண் கலங்கிவிட்டது. அவனும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். சுவரில் மாட்டியிருந்த விருதுப் படத்தில் அவன் பாதி வாயோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அந்தப் படத்தைக் கழற்றிவிடுவார்கள். கழற்றட்டும் என்றிருந்தது.

மேல்தட்டில் ரொசாரியோ அண்ணாச்சி, யாரும் ஏவாமலே, மோட்டாரை நிறுத்தினார். கடல் அமைதியாயிற்று.

அந்த அமைதியில் ஆவுடை மறுபடியும் வாயைக் குவித்தாள். இந்த முறை நாயகம் தடுக்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாடத்தில் முதல் தொடருக்குக் கீழே, ‘இதற்கு மறுமொழியாக அக்காலத்தில் சொல்லப்பட்டது, ஏவல் வினை, தீங்கற்றது’ என்று ஒரு குறிப்பு இருக்கும். பரீட்சைக்கு வராது என்று அறிவிப்பாளர்கள் யாரும் அதை மனப்பாடம் செய்ததில்லை.

“போயிட்டு வா!” என்று கத்தினாள் ஆவுடை.

எந்த மணியும் ஒலிக்கவில்லை. பாறை மட்டும் அதை வாங்கிக்கொண்டு, கருப்பு அடுக்கிலிருந்து சிவப்புக்கும் சிவப்பிலிருந்து வெள்ளைக்கும் ஏற்றி, படகு வளைவைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

“...வா... வா... வா...”